நடுச்சுவர்

“இது இடிஞ்சு விழுந்துடும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார். எனக்கு அது போதும்” என்றாள் உண்ணாமலை.

சக்கரவர்த்தி சிரித்துவிட்டார். மெட்ராஸில் கட்டடக்கலை சொல்லித்தரும் பேராசிரியர் அவர். லீவு விட்டால் பழைய செங்கல் கட்டடங்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர். திருவண்ணாமலை ரயிலடிப் பக்கம் இந்தச் சிவப்பு வீட்டைப் பார்த்ததும் அவருக்குக் கால் நகரவில்லை.

ஒரே கூரை, இரண்டு வாசல், நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சுவர். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு ரயில்வே அதிகாரிகளுக்காக யாரோ ஒரு கான்ட்ராக்டர் கட்டியது. வாசல் வளைவுக்கு மேலே 1913 என்று செங்கல்லிலேயே புடைத்து நின்றது.

“விழறதா? நீங்களும் நானும் போனப்புறமும் நிக்கும்மா. வெளியில பூச்சே கிடையாது, ஆனா ஒரு கல்லுகூட உதிரல பாருங்க. இந்த மாதிரி இரட்டை வீடு இந்தப் பக்கத்துலயே வேற நான் பார்க்கல. இது பொக்கிஷம்.”

“பொக்கிஷத்துக்குள்ள போட்டுப் பூட்டினாலும் மூச்சு முட்டத்தான் சார் செய்யும்.”

அவர் சிரிப்பு நின்றது. உண்ணாமலைக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். இந்தப் பாதி அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்தது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை நம்பி லாட்ஜ் கட்ட ஒருவர் இடம் கேட்கிறார். கொடுத்துவிட்டால் கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டோடு போய்விடலாம். இந்த வருஷத்துக்குள் போய்விட வேண்டும் என்று இருந்தாள்.

“பக்கத்து வீட்டுக்காரர் விடமாட்டேங்கறாரு” என்றாள்.

“அவர் பேரு என்னம்மா?”

“வாசல்ல போர்டு இருக்கு. படிச்சுக்கோங்க.”

எட்டிப் பார்த்தார். ‘ச. கண்ணாயிரம், ஓய்வு பெற்ற சர்வேயர்’ என்றிருந்தது. பேரைச் சொல்லக்கூட வாய் வராத அளவுக்குப் பகை போலும் என்று நினைத்துக்கொண்டார்.

உள்ளே வந்து நடுச்சுவரைத் தடவிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார். சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வளைவு லேசாகத் தெரிந்தது.

“இங்க ஒரு கதவு இருந்திருக்கே?”

“இருந்துச்சு. சண்டையில அடைச்சாச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து அவரு கல்லு வெச்சாரு. இந்தப் பக்கம் நான் பூசினேன்.”

“அநியாயம்! எவ்வளவு அழகான வளைவு!”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். உண்ணாமலை சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு இருமினா எனக்குக் கேக்குது. நான் அழுதா அவருக்குக் கேக்கும். அதுக்கு பயந்தே அழறதில்ல சார். இந்தச் சுவரை மட்டும் அவருக்கு விட்டுட்டு, என் பாதியை இடிச்சுக்க முடியாதா?”

சக்கரவர்த்தி தயங்கினார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

“முடியாதும்மா. ரெண்டு வீட்டு உத்திரமும் இந்த ஒரே சுவர் மேலதான் உக்காந்திருக்கு. ஒரு பக்கத்தை எடுத்தா இன்னொரு பக்கம் சாஞ்சுடும். அவரும் சம்மதிச்சாத்தான் எதுவும் நடக்கும்.”

உண்ணாமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாரம் இறக்கிவைக்க இடம் கிடைக்காதவள் போல இருந்தது அவள் முகம். அதைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டின் மேல் இருந்த ஆசைகூட ஒரு நிமிஷம் அடங்கிவிட்டது. வெளியே போய்ப் பக்கத்து வாசலைத் தட்டினார்.

கதவு பாதி திறந்தது. மெலிந்த உடம்பில் துண்டைப் போர்த்தியபடி கண்ணாயிரம் நின்றார். சக்கரவர்த்தி விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை.

“ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டேன். அவகிட்ட போய்ச் சொல்லிடுங்க” என்றார் கண்ணாயிரம். கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்த சக்கரவர்த்திக்கு முகம் சிவந்திருந்தது. “என்னம்மா மனுஷன் இவரு! ஒரு பொம்பளையை மரியாதை இல்லாம அவ, இவன்னு பேசறாரே!”

“அதெல்லாம் பழகிடுச்சு.”

“நீங்க போனா அவருக்கு என்ன நஷ்டம்?”

“தெரியல சார். நான் போயிடக் கூடாது, அவ்ளோதான். பேச்சும் கிடையாது, போகவும் விடறதில்ல. இந்தச் சுவருக்குப் பக்கத்துலயே கிடந்து சாகணும்னு இருக்கு போல.”

சக்கரவர்த்தி கொஞ்சம் யோசித்தார். ஒரு பெண்ணின் கஷ்டம் இன்னொரு பெண்ணுக்காவது புரியாதா என்று தோன்றியது.

“அவருக்கு சம்சாரம் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“நல்லதாப் போச்சு. இவரைவிட அவங்களுக்கு மனசு இளகும். நான் அவங்ககிட்ட பக்குவமா பேசிப் பார்க்கட்டுமா?”

உண்ணாமலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ்ளோ நேரமா அவங்ககிட்டதானே சார் பேசிட்டிருக்கீங்க.”