தரையை ஒட்டிய கார்

"காரைப் பழைய உயரத்துக்கு ஏத்துறது ஒரு பொழுது வேலைங்கய்யா. மாட்டவே மாட்டேங்கிறான். வீம்பு புடிச்ச பய!"

பேகம்பூர் மெக்கானிக் மோகன்குமார் இப்படிச் சொன்னதும் ராயப்பராஜ் ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் வத்தலக்குண்டு தேங்காய் வியாபாரி. காயையே தட்டிப் பார்த்து வாங்குகிறவர், மகள் நான்சிக்கு நேற்று வந்த வரனைச் சும்மா விடுவாரா? ஸ்கூட்டருக்குப் பிரேக் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்து, மாப்பிள்ளைப் பையன் பெலிக்ஸைப் பற்றி நைசாக விசாரித்துக்கொண்டிருந்தார். போட்டோவைப் பார்த்ததிலிருந்து நான்சி ஒரே சிரிப்பு. அதுதான் அவருக்குக் கவலையே.

எதிரே பெலிக்ஸின் கார், அடைகாக்கும் கோழி மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிட்டான். அப்புறம் தூக்கித் தூக்கிப் போடுதுன்னு வந்து நின்னான். இப்ப ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாமே புதுசு. காரு இறங்கியும் இருக்கணுமாம், மெத்து மெத்துன்னும் போகணுமாம்!"

சரியான பகட்டுக்காரன், பெண்ணைக் கொடுத்த மாதிரிதான் என்று ராயப்பராஜ் எழுந்தபோது பெலிக்ஸே வந்துவிட்டான். அவரை அவனுக்குத் தெரியாது.

"ஓட்டிப் பாரு தம்பி. பின்னால வெயிட்டுக்கு ஒரு ஆள் வேணுமே... ஐயா, செத்த நேரம் ஏறிக்கிறீங்களா?" என்றார் மோகன்குமார்.

பையனைப் பக்கத்தில் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? வேட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து வளைந்து உள்ளே விழுந்தார் ராயப்பராஜ்.

முதல் வேகத்தடை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறந்தபோது அது பின்னால் போயிருந்தது.

"முதுகு நோகுதாங்கய்யா?"

"இல்ல தம்பி."

அடுத்து ஒரு பள்ளம். "இடுப்பு?"

"அதெல்லாம் இல்லப்பா. ஏன் தம்பி, இம்புட்டுப் பாடு படுறதுக்குக் காரை ஏத்தித் தொலைச்சிருக்கலாம்ல? நாலு பேரு பாக்கணும், அதானே?"

பெலிக்ஸ் சிரித்தான். "ஏத்தினா சரிப்படாதுங்கய்யா. பூசை முடிஞ்சிருக்கும். அம்மாவையும் கூட்டிக்குவோம்."

மாதா கோயில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நடுவில், சக்கர நாற்காலியில் அவன் அம்மா ஆனந்தமேரி.

பெலிக்ஸ் முன்கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். தூக்கிவிடலாம் என்று ராயப்பராஜ் அவசரமாக இறங்கினார்.

"வேணாங்கய்யா" என்றான் மெதுவாக.

ஆனந்தமேரி நாற்காலியைக் கார் சீட்டோடு ஒட்டி நிறுத்தினார். இரண்டும் ஒரே உயரம். கையை ஊன்றி, அப்படியே நகர்ந்து உட்கார்ந்தார். கால்களை எடுத்து உள்ளே வைத்தார். சேலையைச் சரிசெய்துகொண்டு, போகிறவர்களுக்கெல்லாம் ராணி மாதிரி கையாட்டினார்.

பெலிக்ஸ் நாற்காலியை மடக்கி டிக்கியில் வைக்கப் போனான். பக்கத்தில் நின்ற ராயப்பராஜிடம் ஆனந்தமேரி குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"முந்தி இவன்தான்யா அம்புட்டுக் கூட்டத்துலயும் என்னைத் தூக்கி உக்கார வைப்பான். எனக்கு உடம்பெல்லாம் கூசும். பிள்ளை மனசு நோகுமேன்னு ஒரு நாளும் வாய் திறந்ததில்ல. அவனாப் புரிஞ்சுக்கிட்டு, காரை இறக்கிட்டு வந்து நின்னான். இறக்குனதுல என் இடுப்பு நோகுதுன்னு திரும்பவும் மெக்கானிக்கிட்ட ஓடுறான்."

ராயப்பராஜ் முன்கதவைப் பதமாகச் சாத்தினார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களை ஒர்க்‌ஷாப்புலயே விட்டுரட்டுமா?" என்று கேட்டபடி பெலிக்ஸ் வண்டியைக் கிளப்பினான்.

"வேணாம். நான் நான்சியோட அப்பா. உங்க வீட்டுக்கே விடுங்க, மாப்பிள்ளை!"