புருவப் பென்சிலுக்குக் கிடைத்த வேலை

வீட்டிலேயே அழகு செய்துகொள்ளலாம் என்று வடிவு வாங்கிய பெட்டியில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய், புருவ முடி பிடுங்கும் இடுக்கி, புருவம் தீட்டும் பென்சில் மூன்றும் இருந்தன. எண்ணெய்க்கும் இடுக்கிக்கும் அன்றே வேலை கிடைத்தது. வடிவுக்கு அடர்ந்த புருவம். "இது எதுக்கு, குப்பையில போடணும்" என்று அவள் சொன்னது பென்சிலின் காதில் விழுந்தது.

அவள் கையிலிருந்த இடுக்கியிடம் பென்சில் மெல்லப் பேச்சுக் கொடுத்தது. "அக்கா, இடது பக்கம் கொஞ்சம் தடிப்பாத் தெரியுதே."

இடுக்கி இடதில் இரண்டு முடி எடுத்தது.

"இப்போ வலது தூக்கலா இருக்கு."

"உன் கண்ணுக்கு மட்டும் எப்படிடா தெரியுது?" என்று கேட்டுக்கொண்டே இடுக்கி வலதிலும் எடுத்தது.

இப்படி மாறி மாறி எடுத்ததில் இரண்டு புருவமும் இருந்த இடம் தெரியவில்லை. வடிவு பதறிப்போய்ப் பென்சிலை எடுத்தாள்.

அதன்பின் பென்சிலுக்குத் தினமும் இரண்டு வேளை வேலை. நான்காம் நாள் முனை மழுங்கியதும் வடிவு ஷார்ப்னரைத் தேடி எடுத்து வந்தாள்.

"புருவம் திரும்ப வளர எத்தனை நாளாகும்?" என்று ஷார்ப்னர் கேட்டது.

"மூணு மாசம்" என்றது பென்சில், பெருமையாக.

ஷார்ப்னர் பென்சிலின் நீளத்தை மேலும் கீழும் பார்த்தது. "அதுவரைக்கும் நீ வரமாட்டியேப்பா."