அக்கரைக்குத் தெரியும் சிவப்பு

"உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல சூர்ஜபான். ஆனா மனசு கேக்க மாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே மொர்ஜினா ஆல்தா குப்பியைத் திறந்தாள். மகள் கல்யாணத்தில் காலுக்குப் பூசியதுபோக மிச்சமிருந்த சிவப்புச் சாயம்.

பஞ்சாரத்துக்குள் நேற்றுப் பொரித்த குஞ்சுகள் பத்து. தாய்க்கோழி மொர்ஜினாவுடையது. அடை வைத்து வளர்ப்பது சூர்ஜபான். குஞ்சில் பாதிக்குப் பாதி வாரப் பங்கு.

"வளந்தப்புறம்தானே பாபி பங்கு பிரிப்போம்? ஊர்ல எல்லாரும் அப்படித்தானே செய்யிறாங்க?" மொர்ஜினாவை அண்ணி முறை வைத்து 'பாபி' என்பாள் சூர்ஜபான்.

"எல்லாரும் அப்புறம் உக்காந்து அழுறாங்க. பருந்து தூக்கிடுச்சு, கீரி தின்னுடுச்சுன்னு நீ சொன்னா, நான் பருந்துகிட்டயா போய்க் கேக்க முடியும்? அஞ்சு உனக்கு, அஞ்சு எனக்கு. என்னோடது சிவப்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என் வாசல்ல நின்னாலே தெரியும்."

சூர்ஜபான் சிரித்தாள். "பூசிக்குங்க. இந்தத் தடவ எனக்கு ரெண்டு பெட்டை நின்னா போதும். அடுத்தவங்க கோழிய மேய்க்கிறத விட்டுட்டு, நானும் சொந்தமா ஒரு கோழிக்காரி ஆயிடுவேன்."

"ஆவே, ஆவே" என்றாள் மொர்ஜினா, ஐந்தாவது குஞ்சின் முதுகில் சாயத்தைத் தடவியபடி.

அன்று சாயங்காலமே வாய்க்கால் கரைக்கு வந்து நின்று பார்த்தாள். அக்கரையில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஓடின. நிம்மதியாகத் திரும்பினாள். உலை கொதிப்பதற்குள் மறுபடியும் வந்து நின்றாள்.

வலை பின்னிக்கொண்டிருந்த புருஷன் கபீல், "பேசாம நீயும் அந்தப் பஞ்சாரத்துக்குள்ளயே போய்ப் படுத்துக்கோயேன்" என்றார்.

"உங்களுக்கென்ன! குளிர் வந்தா மருமகன் பிட்டா பலகாரம் திங்க வருவார். கோழிக்கறி இல்லாம தட்டு வைக்க முடியுமா? அவங்கம்மா வாய் சும்மா இருக்குமா?"

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மூங்கில் பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியது. மொர்ஜினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றை வடித்தாள், வாசலுக்கு ஓடினாள். ஈரத்துணியை உள்ளே போட்டாள், வாசலுக்கு ஓடினாள். மழைத் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்கு மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. அக்கரை தெளிவாகத் தெரிந்தது. சூர்ஜபானின் கூரை ஓரம் குஞ்சுகள் ஓடின.

எல்லாம் மஞ்சள்.

"கழுவிட்டா! பாவி, கழுவிட்டா!"

"ஏய், பாலம் வழுக்கும்" என்று கபீல் கத்துவதற்குள் அவள் முழங்கால் தண்ணீரில் பாதிப் பாலம் தாண்டியிருந்தாள்.

சூர்ஜபானின் முற்றத்தில் ஓர் அலுமினியச் சட்டி இருந்தது. அதில் சிவப்புத் தண்ணீர்.

"இதுக்கு என்ன சொல்றே? சட்டியக்கூட ஒளிச்சு வைக்கத் தெரியல உனக்கு!"

"பாபி, முதல்ல உக்காருங்க. நனைஞ்சிட்டீங்க..."

"உக்கார வரல. என் அஞ்சு குஞ்சு எங்க?"

"கறுப்பு நூல் கட்டியிருக்கேன் பாருங்க. அதெல்லாம் உங்களோடது."

மொர்ஜினா குனிந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக் காலைப் பார்த்தாள். நூல் கட்டியவை ஐந்து இருந்தன. ஒன்றின் முதுகில் மட்டும் இளஞ்சிவப்பு லேசாக ஒட்டியிருந்தது. மற்ற நாலும் பளிச்சென்று மஞ்சள்.

"நல்லாத்தான் தேச்சிருக்கே" என்றாள் முகம் கோணி.

கையிலிருந்த குஞ்சு அவள் ஆள்காட்டி விரலைக் கொத்தியது. உதறினாள். மறுபடியும் கொத்தியது. நகத்தோரம் ஆல்தா இன்னும் சிவந்திருந்த இடத்தையே குறிபார்த்துக் கொத்தியது.

"சிவப்பக் கண்டா அதுங்க விடாது பாபி. ரத்தம்னு நெனச்சு ஒண்ணையொண்ணு கொத்த ஆரம்பிச்சிடுச்சு. அதான் கழுவிட்டேன்."

"அதை வந்து சொல்றதுக்கென்ன?"

"கரையில நின்னு கூப்பிட்டேன். மழையில உங்களுக்குக் கேக்கல."

மொர்ஜினாவுக்கு மூச்சு சீரானது. ஐந்தும் இருக்கிறது. மருமகனுக்குக் கறி இருக்கிறது. அப்புறம்தான் தாய்க்கோழியின் இறக்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். நூல் கட்டாத குஞ்சு ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"உன்னோடது மிச்சமெல்லாம் எங்க?"

சூர்ஜபான் சட்டித் தண்ணீரை வேலியோரம் கொட்டினாள். "பருந்து."

"நாலையுமா?"

"ம்."

"பாத்தியா! நான் அடையாளம் மட்டும் போடலேன்னா, இந்த நாலையும் என் தலையில கட்டியிருப்பே. ஊர்ல எல்லாரும் வளந்தப்புறம்தான் பிரிப்பாங்கன்னு எங்கிட்டயே சொன்னியே!"

சூர்ஜபான் தவிட்டைப் பிசைந்து பஞ்சாரத்துக்குள் வைத்தாள்.

மொர்ஜினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள். மனசுக்குள் ஏதோ இன்னும் அரித்தது. மழையில் பருந்து பறக்குமா? பறந்தாலும் தேடித்தேடிச் சூர்ஜபானின் குஞ்சைத்தானா தூக்கும்? இவள் இன்னும் எதையோ மறைக்கிறாள்.

பாலத்தின் மூங்கிலைப் பிடிக்கக் கை நீட்டியவள், பக்கத்து வாழைமரத்தடியைப் பார்த்து நின்றாள். புதிதாகத் தோண்டி மூடிய சின்னக் குழி. மேல்மண்ணை மழை கரைத்துக்கொண்டு போயிருந்தது.

உள்ளே நாலு குஞ்சுகள், முதுகெல்லாம் கொத்துப்பட்டுக் கிடந்தன.

நாலும் ஆல்தாச் சிவப்பு.