மூன்றாவது அடி

பழைய வீடியோ கேம் ஒன்றின் இசையைத் தன் போக்கில் மாற்றி, அந்த விளையாட்டின் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அவள் ஏற்றியிருந்தாள். பாராட்டு குவிந்தது. அதில் வரும் முரசொலியை எங்கே பிடித்தாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை.

ஒருவன் மட்டும், 'மூணாவது அடி தள்ளாடுது. இப்படியே விட்டா பத்து நாள்தான் தாங்கும்' என்று எழுதியிருந்தான்.

அத்தனை பாராட்டும் மறந்துபோய், அந்த ஒரு வரி மட்டும் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

"பொறாமை பிடிச்சவன். விட்டுத் தள்ளு," என்றான் தம்பி.

"எப்படிடா விடறது? பத்து நாள்ல என்னை எல்லாரும் மறந்துடுவாங்களாம்."

'இதை ரசிக்க ஞானம் வேண்டும்' என்று பதில் போட்ட பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பத்தாம் நாளும் புதிதாக நான்கு பாராட்டுகள் வந்தன. "பாத்தியா?" என்று தம்பியிடம் நிமிர்ந்து நின்றாள்.

அன்று மதியம் வாஷிங் மெஷின் பாதித் துவைப்பில் நின்றுபோனது.

மெக்கானிக் வந்தார். மெஷினின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருந்த சின்ன மைக்கை அவள் அவசரமாகப் பிய்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். உள்ளே கைவிட்டு டிரம்மைச் சுழற்றினார். டம், டம், கடகட. அதோடு சேர்ந்து அந்த விளையாட்டின் மெட்டை மெல்ல முணுமுணுத்தார்.

"பேரிங் போச்சுக்கா," என்றார். "அன்னைக்கே எழுதினேனே. நீங்கதான் ஞானம் வேணும்னுட்டீங்க."