எந்தப் பக்கம்?

மின்னணுப் பூட்டு விற்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வீடுகளில் உள்ள பூட்டுகள் அனுப்பும் தகவலைப் பெரிய ஃபைல்களாக்கி கிளவுடில் சேர்க்க வேண்டும். அந்த ஃபைல்களில் ஒவ்வொரு நெடுவரிசையும் தனித்தனியாக இருக்கும். நேரம் வேண்டுமென்றால் நேரத்தை மட்டும் படிக்கலாம். மற்றதைத் தொடவே வேண்டாம்.

சொந்த வீட்டுப் பூட்டுக்கும் அவன் நேரத்தை மட்டும்தான் படித்தான். தினமும் மதியம் ஒருமுறை கதவு திறக்கப்பட்டிருந்தது. அந்த வேளையில் அவனும் மனைவியும் வேலையில் இருப்பார்கள். ஒரு வாரம் மனைவியின் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தான். இன்று பொறுக்காமல் போன் போட்டான்.

"மதியத்துல வீட்டுக்கு வந்து போறியா?"

"நல்லாயிருக்கு கதை. நீங்கதானே வரீங்க? காலைல கழுவிக் கவுத்த டம்ளர் சாயங்காலம் ஈரமா இருக்கு. கையும் களவுமா பிடிக்கத்தான் லீவு போட்டுட்டுப் படியேறிட்டிருக்கேன்."

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

சொல்லிக்கொண்டே அதுவரை தொடாத ஒரு நெடுவரிசையைத் திறந்தான். கதவு எந்தப் பக்கமிருந்து திறக்கப்பட்டது என்று அதில் இருக்கும். எல்லா மதியத்துக்கும் ஒரே பதில்தான் இருந்தது. உள்பக்கம்.

"ஏய், மேல போகாதே. அங்கேயே நில்லு."

"ஆபீஸாம் ஆபீஸ்" என்று சிரித்தாள் மனைவி. "நான் இன்னும் பூட்டைத் திறக்கிற கார்டைக்கூட எடுக்கல, அதுக்குள்ள கதவைத் திறந்து விட்டாச்சு. புளுகினாலும் மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

அவள் பையைக் கீழே வைக்கும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, பூட்டு மூடிக்கொள்ளும் சத்தம்.