வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை

அந்தமானில் சாதி கிடையாது என்று மெயின்லேண்டில் பலர் நம்புகிறார்கள். கப்பலில் வரும்போதே, மூன்றாம் நாள் வாக்கில், அது கடலில் விழுந்துவிடுகிறதாம்.

அறிவுலகத்தின் நன்மை கருதி இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. விழுவதில்லை. வாந்தி மயக்கத்தில் படுத்துக் கிடக்கும். கரை தெரிந்ததும் எழுந்து, தலைவாரிக்கொண்டு இறங்கிவிடும்.

இதை ஒழித்தே தீருவதென்று, 1966 குடியரசு தின விழாவுக்கு ஜங்லிகாட் விழாக் குழுச் செயலாளர் ஜம்புலிங்கம் இரண்டு விதிகள் செய்தார். வெளிச் சாப்பாடு மைதானத்துக்குள் வரக்கூடாது. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பூரியும் பால் பாயசமும் சாப்பிட வேண்டும். பந்தியில் சாப்பிட்டவருக்குத்தான் ராட்டினத்துக்கு டோக்கன்.

ராட்டினம் மெட்ராஸிலிருந்து துண்டு துண்டாகக் கப்பலில் வந்தது. சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில் தென்னை மர உயரத்துக்கு நின்றது. மறுநாள் அதே கப்பலில் திரும்பிவிடும்.

ஒன்பது வயது இந்திராணி அதையே பார்த்துக்கொண்டு, வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா சந்திரமதி கொண்டுவந்த தூக்குச்சட்டியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"ஏம்மா, குழந்தை ஏன் சாப்பிடலை?" என்றார் ஜம்புலிங்கம்.

"கோதுமையும் பாலும் அவளுக்கு ஆகாது சார். டாக்டர் சொல்லியிருக்கார். தீபாவளிக்கு ஒரே ஒரு பூரி தின்னுட்டு, பத்து நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. அந்தத் தூக்குச்சட்டியை மட்டும் குடுத்தீங்கன்னா..."

ஜம்புலிங்கம் சிரித்தார்.

"கோதுமை ஆகாது, பால் ஆகாது! இந்தச் சாக்கெல்லாம் எனக்குத் தெரியாதாம்மா? சமைச்சது மிக்கேல்னு சொல்லுங்க. மீன் பிடிக்கிற கை பட்டது ஆகாதுன்னு சொல்லுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை சார்!"

"கடல் தாண்டியும் ஆசாரம் போகலை பாரு" என்றது பந்தியில் ஒரு குரல்.

"மகாராணிக்குத் தனி இலை போடுங்கப்பா!" என்றது இன்னொன்று.

சந்திரமதிக்குக் கண் கலங்கியது. இந்திராணி அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "நான் சாப்பிட்டுடறேன்மா. பத்து நாள்தானே? ராட்டினம் நாளைக்குப் போயிடும்."

பூரிக் கரண்டியோடு மிக்கேல் வந்து நின்றார். மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து வந்தவர். தீவில் எந்த விசேஷம் என்றாலும் அண்டா அவருடையது.

"செயலாளர் ஐயா, போன வருசம் நீங்களும் இதத்தான சொன்னிய? கோதும ஆவாது, பால் ஆவாதுன்னு?"

"எனக்கு... அது நிஜம்" என்றார் ஜம்புலிங்கம். தனக்கு இருக்கும் வியாதி இன்னொருவருக்கும் இருக்கலாம் என்பதை அவரால் ஏனோ நம்ப முடியவில்லை.

"நிஜம்னு தெரியும் ஐயா. போன வருசம் எல்லாரும் திங்கையில நீங்க மட்டும் பட்டினியா நின்னிய. எம் பொண்டாட்டிக்கு மனசே ஆறல. ஏ சிசிலியா, அதக் கொண்டா!"

சிசிலியா ஒரு புதுச் சட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். ஆவி பறக்கும் அரிசிப் புட்டு. கூடவே ஒரு செம்பில், வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால்.

"உங்களுக்குன்னே செஞ்சது ஐயா. உக்காருங்க."

பந்தி முழுவதும் செயலாளரைப் பார்த்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கா? எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு. ம்... அந்தக் குழந்தைக்கே குடுத்துடு. பாவம், பசியா இருக்கும்."

சந்திரமதி தயங்கினாள். "தப்பா நினைக்காதம்மா. பூரி மாவு பட்ட கரண்டி எதுவும் இதுல..."

பந்தியில் மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. சிசிலியா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"படலக்கா. அரிசி நானே இடிச்சது. நேத்தே வீட்டுல தனி அடுப்பு மூட்டி அவிச்சுப் பாத்தேன். இன்னிக்கும் அங்கனதான் அவிச்சேன். வியாதிக்காரருக்குக் குடுக்கிறது, வெளையாட்டா?"

இந்திராணி மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். தேங்காய்ப்பால் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். டோக்கன் கிடைத்தது.

"தன் வாய்ச் சோத்தையே எடுத்துக் குடுத்துட்டாருய்யா!" என்று பந்தி வியந்தது. சற்றுமுன் மகாராணி என்று சொன்ன குரல்தான் கைதட்டலையும் தொடங்கியது. ஜம்புலிங்கம் அடக்கமாகக் கும்பிட்டுவிட்டு, ஆயிரம் வேலைகளைக் கவனிக்கக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனார்.

"பைட்டோ, பைட்டோ! கஸ்கே பக்டோ!" என்று, உட்காரவும் இறுகப் பிடிக்கவும் இந்தியில் சொல்லிக்கொண்டே ராட்டினக்காரர் கம்பியைப் பூட்டினார். இந்திராணியின் பெட்டி ஆடிக்கொண்டே மேலே ஏறியது. துறைமுகம் தெரிந்தது, கப்பல் தெரிந்தது. உச்சிக்குப் போனதும் ராட்டினம் நின்றது. கீழே அடுத்த ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. மைதானம் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

"அம்மா! அம்மா! செயலாளர் மாமாவுக்கு வியாதி சரியாயிடுச்சு! கொட்டகைக்குப் பின்னால உக்காந்து, அவரோட கேரியர்லேருந்து பூரி சாப்பிடறார்! தயிர்சாதம்கூட இருக்கு!"

மிக்கேல் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்ன மருந்துன்னு கேளும்மா!"

அடுத்த ஆண்டு விழாவுக்குக் குழு, செயலாளரின் யோசனைப்படி, குடை ராட்டினம் வரவழைத்தது. அது மேலே போகாது.