வெள்ளைப் பட்டை

"இந்தப் பட்டையைக் கொஞ்சம் அழுக்காக்கித் தரணும், அக்கா."

இரசேமா கையிலிருந்த பிளேடை மேசைமேல் வைத்தாள். பராச்சோ ஊரின் கிட்டார் கடைத்தெருவில் சாயம் பூசும் வேலைக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். இப்படியொரு வேண்டுகோளோடு எவரும் வந்ததில்லை.

எதிரே நின்ற எலெயுத்தேரியோ முன்பு கொண்டுவந்து கொடுத்த பழைய கிட்டாரின் கழுத்து முறிந்திருந்தது. அவள் கணவர் புதிய கழுத்தைச் செய்து பொருத்த, அவள் சாயம் பூசினாள். கழுத்தின் இரு ஓரங்களிலும் ஓடும் வெள்ளைப் பட்டையில் சாயம் கசிவது வழக்கம். அதை மயிரிழை பிசகாமல் சுரண்டியெடுப்பதில்தான் அவளுடைய பெயரே இருந்தது. அன்று காலை முழுவதும் அதைத்தான் செய்திருந்தாள். இனி வார்னிஷ் மட்டுமே பாக்கி.

"பளிச்சுனு இருக்கே. என்ன குறை?"

"அதான் குறை. கிட்டார் உடம்புல இருக்கிற பட்டை பழுத்துப் போயிருக்கு. இது மட்டும் பல்லைக் காட்டுது. புதுசா போட்டதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன?"

அவன் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சென்ற ஆண்டு இதே தெருவில் ஒருவர், புதுக் கிட்டாரைப் பழையது போலாக்கி வெளியூர்க்காரர் ஒருவரின் தலையில் கட்டியிருந்தார். ஏமாந்தவர் நடுத்தெருவில் நின்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பாவத்தில் தன் கை படாது என்று அமைதியாகச் சொன்னாள். வேண்டுமானால் எதிர்க் கடையில் கேட்கலாம் என்றாள்.

எதிர்க் கடைக்காரர் தன் தம்பிக்குச் சிநேகிதர், பேச்சுவாக்கில் அவனிடம் சொல்லிவிடுவார் என்று எலெயுத்தேரியோ தயங்கினான்.

"ஓ, சொந்தத் தம்பி தலையிலேயே கட்டப் போறியா? நல்ல அண்ணன்."

"கட்டறதுக்கு என்னக்கா இருக்கு? இது அவனோடதுதான்."

இரசேமா நிமிர்ந்து பார்த்தாள்.

"குடியை விட வைக்கிற இல்லத்துல மாசக்கணக்கா இருந்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வர்றான். வந்ததும் இதைத்தான் கையில எடுப்பான்."

"உடைஞ்சுது, சரி பண்ணினோம்னு சொல்ல வேண்டியதுதானே."

"எப்படி உடைஞ்சுதுன்னு கேப்பானே."

அவன் பட்டையின்மேல் விரலை ஓட்டினான்.

"இதாலதான் அம்மாவை அடிச்சான். போதையில அவனுக்கு எதுவும் ஞாபகமில்ல. அவனுக்குத் தெரிய வேணாம்னு இதை உங்ககிட்டக் கொண்டுபோகச் சொன்னதே அம்மாதான்."

இரசேமா சாயத் துணியை எடுத்து, காலையெல்லாம் சுரண்டி வெளுக்க வைத்த பட்டையின்மேல் மெல்ல இழுத்தாள்.

"நல்லா வெளிச்சத்துல பிடி," என்றாள். "நிறம் ஒத்துப் போகணும்."